பனைமர வளைவில் மஞ்சள் கொடி

"என் படத்துல எல்லாம் இருக்கு. ஆபத்து மட்டும் இல்ல" என்றார் பொன்னுரங்கம்.

சொன்னவருக்கு ஐம்பத்தேழு வயது. ஆவணப்படம் எடுப்பவர். கார் பந்தய ஓட்டுநர்களைப் பற்றி மட்டும் ஏழு படங்கள் எடுத்திருந்தார். எட்டாவது படம் பாதியில் நின்றது.

கேட்டவருக்கு முப்பத்து நான்கு. பெயர் சுகிர்தா. காரைமேட்டுப் பந்தயத் தடத்தில் மூன்று முறை கோப்பை வாங்கியவர். பனைமர வளைவில் நடந்த ஒரு விபத்தோடு ஓட்டுவதை விட்டார். தடத்தை விடவில்லை. பந்தய நாட்களில் அதே வளைவில் மஞ்சள் கொடியோடு நிற்கிறார்.

அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. மீசை நரைத்த மெக்கானிக்குகளுக்கும் அக்கா. பொன்னுரங்கத்துக்கு மட்டும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. வயதுக் கூச்சம். எப்படியும் கூப்பிடாமலே பேசிப் பழகியிருந்தார்.

"ஏழு படத்துலயும் இல்லீங்களா?"

"எரியுது. உருளுது. உடையுது. ஜனங்க பாப்கார்ன் தின்னுக்கிட்டே பாக்கறாங்க."

"தின்னுட்டுப் போகட்டும். உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஜோயல் இருக்கான்."

ஜோயல் எட்டாவது படத்தின் நாயகன். இருபத்து மூன்று வயது. மூன்று வருடமாகப் பொன்னுரங்கம் அவன் பின்னாலேயே கேமராவோடு திரிந்தார். அவன் வீட்டில் சாப்பிட்டார். அவன் தங்கை கல்யாணத்தில் பந்தல் கட்ட நின்றார்.

போன மாதம் ஜோயல் டயர் மேல் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டான்.

"சார், உண்மையச் சொல்லுங்க. நான் செத்தாத்தான உங்க படம் ஓடும்?"

கேட்டுவிட்டுச் சிரித்தான். ஒரு சுளையும் நீட்டினான். பொன்னுரங்கத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"அவன் நல்லா இருக்கும்போதே இந்தப் படம் முடியணும். அவன் எதுக்குள்ள போயிட்டு வர்றான்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும். எப்படின்னு எனக்குத் தெரியல" என்றார் சுகிர்தாவிடம்.

சுகிர்தா தேநீரை ஊதினார்.

"உங்ககிட்ட நாலு தடவை கேட்டுட்டேன். அன்னைக்கு வண்டிக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்தப்ப என்ன பாத்தீங்க? அதை மட்டும் சொல்லிட்டா எனக்கு வழி கிடைச்சுடும்."

நாலு தடவையும் சுகிர்தா வேறு பேச்சுக்குப் போனவர்தான். ஒரு தடவை மழை. ஒரு தடவை வெயில். இரண்டு தடவை தேநீர்.

இந்த முறை, "அந்தக் காட்சியப் போடுங்க" என்றார்.

பொன்னுரங்கம் மடிக்கணினியைத் திறந்தார். அவருடைய ஐந்தாவது படத்தில் இருந்த காட்சி. பனைமர வளைவைத் தாண்டியதும் ஒரு நீல வண்டி சுவரில் மோதுகிறது. சுழல்கிறது. தடத்தின் குறுக்கே நிற்கிறது. புகை. உள்ளே ஒரு வெள்ளை ஹெல்மெட் அசைகிறது. ஐந்து கேமரா. ஐந்து கோணம்.

சுகிர்தா தன்னையே கண் கொட்டாமல் பார்த்தார்.

"அஞ்சும் என்னையே பாக்குதுங்க."

"ஆமா. ஒண்ணுகூடத் தவறவிடல."

சுகிர்தா திரைக்கு வெளியே, மேசை மேல், வளைவு இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

"அந்தப் பக்கம் யாரு பாத்தா?"

"அந்தப் பக்கம் ஒண்ணும் நடக்கலையே."

"ஆமாங்க" என்றார் சுகிர்தா. "ஏன் நடக்கல?"

கணினியை மூடி அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

*

இரண்டு நாள் கழித்துப் பொன்னுரங்கம் வந்தார். கண் சிவந்திருந்தது.

"நாலாவது கேமராவோட ஓரத்துல ஒரு முழங்கை தெரியுது. அதுக்கு மேல மஞ்சள் துணியோட நுனி."

"சரி."

"யாரது?"

"தெரியலைங்க. முகத்தைப் பாக்கல."

"பின்னால வந்த வண்டியெல்லாம் அந்தக் கொடியப் பாத்துத்தான் வேகத்தைக் குறைச்சிருக்கு. இல்லேன்னா உங்க மேல ஏறியிருக்கும். சரியா?"

"கொடி கம்பத்துல கட்டியிருந்ததுங்களா?"

பொன்னுரங்கம் தன் முழங்கையை மடக்கிப் பார்த்தார்.

"உங்க சட்டை அளவு என்ன?"

"நாப்பத்திரண்டு."

சுகிர்தா உள்ளே போய் ஓர் ஆரஞ்சு நிறச் சீருடையோடு வந்தார்.

"கேமராவை உங்க உதவியாளர் மகபூப் பாய்கிட்டக் கொடுத்துட்டு வாங்க."

*

கொடி பிடிக்க வகுப்பு உண்டு. தேர்வும் உண்டு. பொன்னுரங்கம் இரண்டையும் முடித்தார். அதற்குப் பிறகுதான் சுகிர்தா ஆரம்பித்தார்.

பனைமர வளைவில் ஒரு சிறு மேடு. மேட்டில் ஒற்றைப் பனை. வருகிற வண்டிக்கு வளைவின் மறுபுறம் தெரியாது. மேட்டடியில் இருவர் முதுகோடு முதுகு நிற்க வேண்டும். ஒருவர் வருகிற வண்டிகளைப் பார்க்க வேண்டும். மற்றவர் போகிற வண்டிகளைப் பார்க்க வேண்டும். அந்தத் தடத்தின் வழக்கம் அது.

"நீங்க வர்றதைப் பாருங்க. நான் போறதைப் பாக்கறேன். உங்களுக்குப் பின்னால என்ன ஆனாலும் திரும்பக் கூடாது. தோள்ல ஒரு தட்டு தட்டினா கொடிய ஆட்டுங்க. ரெண்டு தட்டினா இறக்குங்க."

"அந்த ரெண்டு தட்டு வரவே இல்லேன்னா?"

"ஆட்டிக்கிட்டே இருங்க."

"எவ்வளவு நேரம்?"

சுகிர்தா வெயிலைப் பற்றிப் பேசினார்.

காலித் தடத்தில் பழக்கினார். பொன்னுரங்கம் கொடியோடு நின்றார். பின்னால் ஒரு தகர டின் விழுந்தது. திரும்பினார்.

"முடிஞ்சுது" என்றார் சுகிர்தா.

"செத்துட்டேனா?"

"நீங்க இல்லைங்க."

மறுபடி நின்றார். டயர் வெடிக்கும் சத்தம். திரும்பினார். மறுபடி நின்றார். யாருடைய அலைபேசியோ அடித்தது. திரும்பினார்.

"கோழி கூவினாலும் திரும்புவீங்களாட்ட இருக்குதே!"

"முப்பது வருசமா சத்தம் வந்த பக்கம் திரும்பித்தான் நான் சோறு தின்னேன்."

"தெரியும். நில்லுங்க."

ஒரு மாதம் ஆனது. ஒரு நாள் சுகிர்தா பின்னால் நின்று, "ஐயோ, பாம்பு!" என்று அலறினார். பொன்னுரங்கத்தின் காது மட்டும் அசைந்தது.

கடைசியில் தோளில் இரண்டு தட்டு விழுந்தது.

"பாம்பு நிஜமாவே வந்துதுங்க" என்றார் சுகிர்தா. "இப்பத்தான் போச்சு."

*

நான்கு பந்தயங்கள் நடந்தன. பனைமர வளைவில் ஒன்றும் நடக்கவில்லை. பொன்னுரங்கம் வருகிற வண்டிகளை மட்டுமே பார்த்தார். மகபூப் பாய் ஐந்து கேமராவையும் பார்த்துக்கொண்டார்.

ஜோயலுக்கு இது பெரிய வேடிக்கை.

"என்ன சார், சினிமா வேண்டாம்னு டிராஃபிக் போலீஸ் ஆயிட்டீங்க?"

"பேசாம ஒழுங்கா ஓட்டுடா."

"ஓட்டறேன். ஆனா நான் ஜெயிக்கிறப்ப நீங்க வேற பக்கம் பாத்துக்கிட்டு நிப்பீங்க. எனக்கு அதுதான் வருத்தம்."

ஐந்தாவது பந்தயம் மாலை நேரத்தில் தொடங்கியது. பதினான்கு வண்டிகள். எட்டாவது சுற்றில் ஜோயல் முன்னால் வந்தான். சிவப்பு ஹெல்மெட். அவன் மேட்டைச் சுற்றிப் பொன்னுரங்கத்தைக் கடந்தபோது காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.

பிறகு பின்னால் ஒரு சத்தம்.

தகர டின் இல்லை. டயர் இல்லை. பொன்னுரங்கம் தன் ஏழு படங்களிலும் கேட்காத சத்தம். படத்தில் மோதல் காதுக்கு மட்டும் கேட்கும். இங்கே அது கால் வழியாக ஏறியது.

தோளில் ஒரு தட்டு.

கை தானாகக் கொடியை ஆட்டியது. அடுத்த கணம் சுகிர்தாவின் காலடிகள் அவரை விட்டு ஓடின. முதுகு காலியானது.

அந்தச் சுற்றில் அதுவரை ஒரே ஒரு வண்டிதான் அவரைக் கடந்திருந்தது.

கழுத்து தானாகத் திரும்பப் போனது. அதைப் பல்லைக் கடித்து நிறுத்தினார்.

பெட்ரோல் வாசம் வந்தது. யாரோ "வெட்டு, வெட்டு, பெல்ட்டை வெட்டு" என்றார்கள். யாரோ முனகினார்கள். அந்தக் குரல் அவருக்குத் தெரியும்.

எதிரே நேர்சாலையில் பதின்மூன்று வண்டிகள் வந்துகொண்டிருந்தன.

முன்னால் வந்தது மஞ்சள் வண்டி. அதன் மூக்கு நேராக அவர் நெஞ்சைக் குறிபார்த்தது. அதை ஓட்டுகிறவனுக்கு வளைவுக்கு அப்பால் இருப்பது தெரியாது. அவனுக்குத் தெரிந்தது மேட்டடியில் நிற்கும் ஒரு கிழவனும், ஒரு முழத் துணியும்தான்.

மூக்கு தாழ்ந்தது.

சத்தம் இறங்கியது. அடுத்த வண்டியின் சத்தம் இறங்கியது. அதற்கடுத்தது. வானத்தைக் கிழித்துக்கொண்டு வந்ததெல்லாம் அந்தத் துணிக்கு முன்னால் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டது. பொன்னுரங்கத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருடம் பந்தயத்தில் கிடந்தவர். வேகம் தலை குனிந்து அவர் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வண்டியிலும் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண். ஒவ்வொரு ஜோடியும் அவர் கண்ணைப் பார்த்தது. நம்பியது. கடந்தது. ஒருவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து லேசாக உயர்த்தினான்.

எண்ணினார். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

பதின்மூன்றாவது வண்டி வெகுதூரம் பின்தங்கியிருந்தது. விட்டதைப் பிடிக்கிற வெறியில் வந்தது. மூக்கு தாழவில்லை.

பொன்னுரங்கம் தடத்தோரத்து வெள்ளைக் கோடு வரை ஒரு எட்டு முன்னால் போனார். இரண்டு கையாலும் ஆட்டினார். வாய்விட்டுக் கத்தினார். என்ன கத்தினார் என்று அவருக்குத் தெரியாது.

மூக்கு தாழ்ந்தது. டயர் அழுதது. வண்டி அவர் முழங்காலை உரசுகிற மாதிரி வந்து, நத்தையாகி, வளைந்து போனது.

பின்னால் ஒரு மோதலும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடிகள் எங்கோ ஏறியிருக்க வேண்டும். எல்லா எஞ்சினும் அடங்கிவிட்டது. பனைமரத்தில் ஒரு காகம் கரைந்தது.

பொன்னுரங்கம் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

காலிச் சாலை. அதற்கு எதிரே கொடி. தோள் மரத்துப்போனது. கை வேறு யாருடைய கை மாதிரியோ போய் வந்தது. பின்னால் முனகல் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று தெரியவில்லை. எதையும் எண்ணிப் பழகியவர் அவர். அந்த நேரத்தை மட்டும் எண்ணவில்லை.

தோளில் ஒரு தட்டு.

மூச்சை நிறுத்திக் காத்திருந்தார்.

இன்னொரு தட்டு.

கொடியை இறக்கினார். திரும்பவில்லை.

"அக்கா" என்றார். "திரும்பலாமா?"

"திரும்புங்க."

அதற்குள் மகபூப் பாய் மூச்சிரைக்க ஓடிவந்தார். கன்னமெல்லாம் கண்ணீர்.

"சார்! அல்லா காப்பாத்திட்டான் சார்! கால் மட்டும்தான் போல. உசுருக்கு ஒண்ணும் இல்ல. அஞ்சு கேமராலயும் வந்திருக்கு. ஒண்ணுகூடத் தவறல."

"அந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம்?"

பொன்னுரங்கம் பனைமரத்துக்கு அப்பால் கிடந்த காலிச் சாலையைக் காட்டினார்.

மகபூப் பாய் அதைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"அங்க ஒண்ணும் நடக்கலையே, சார்."

சுகிர்தா கையில் இருந்த கரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. கொடியை மடியில் போட்டுக்கொண்டு மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

ஜோயலை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. மேட்டருகே வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னான்.

பொன்னுரங்கம் எழுந்தார். சுகிர்தாவிடம் நாலு தடவை கேட்ட கேள்வி அவரிடம் இருந்தது. அன்று அதை அவர் கேட்கவில்லை.

"வலிக்குதாடா?"

"வலிக்குது சார்." உதட்டை நனைத்துக்கொண்டான். "வண்டி சுத்தித் திரும்பி நின்னுடுச்சு, கால் மாட்டிக்கிச்சு. வர்ற வண்டிச் சத்தம் எல்லாம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. தலையத் திருப்ப முடியல. உள்ள இருந்து எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரிஞ்சுது."

"என்னடா?"

"உங்க முதுகு. அது திரும்பவே இல்ல சார்."