ஜமீன்தார் பிடித்த கயிறு

ஜமீன்தார் கெம்பண்ணருக்கு வளைவு என்றாலே ஆகாது. அவர் மீசை நேர், கைத்தடி நேர். ஊர் ஓடை மட்டும் நாணலுக்குள் வளைந்து வளைந்து போனது. அந்த வளைவு மடுக்களில்தான் கோடையிலும் தண்ணீர் நிற்கும், கெண்டை முட்டையிடும், மாராக்காள் மேய்க்கும் எருமைகள் சொகுசாக ஊறிக் கிடக்கும்.

"அமாவாசைக்குள்ள ஓடையை நேரா வெட்டு. இல்லைன்னா எருமையோட ஊரை விட்டுப் போ" என்றார் அவளிடம்.

"ஆகட்டுங்க எசமான். அளவுக் கயித்தை நீங்களே பிடிங்க, அப்பத்தான் கோணாது."

ஊரே கூடியது. வளைவு தொடங்கும் இடத்தில் ஜமீன்தார் நெஞ்சை நிமிர்த்திக் கயிற்றைப் பிடித்தார். மறுமுனையோடு மாராக்காள் வளைவு முடியும் இடத்துக்கு நேராக நடந்தாள். இடையில் நின்ற அவருடைய பங்களாவின் முன்வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, அடுப்படி வழியாக வெளியேறிக் கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டு வந்தாள்.

"துளிகூடக் கோணலைங்க. கடப்பாரையோட ஆளும் வந்தாச்சு. முன்வாசல்ல ஆரம்பிக்கட்டுங்களா, அடுப்படியிலயா?"

சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. ஜமீன்தார் கயிற்றைக் கீழே போட்டார்.

"ஓடையை இனி யாரும் தொடக்கூடாது. இது என் உத்தரவு."

"சரிங்க எசமான். உங்க பங்களாவுக்கு மரியாதை குடுத்துத்தானுங்க அதுவும் ஒதுங்கிப் போவுது" என்றபடி மாராக்காள் எருமைகளை மடுவுக்குப் பத்திக்கொண்டு போனாள்.