மேனேஜரின் ஷட் டவுன் பொத்தான்

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனி. அங்கே மேனேஜர் வைரவேலுக்கு ஒரே எரிச்சல். அவர் கிரிக்கெட் பார்த்து முடிக்க எட்டு மணியாகும். ஆபீஸ் ஆட்களோ ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறார்கள்.

கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் மரகதத்தைக் கூப்பிட்டார்.

"மேலே இருக்கறவர் கிளம்பாம கீழே இருக்கறவர் கிளம்பக் கூடாது. அதுவரைக்கும் ஷட் டவுன் பொத்தானே கண்ணுல படக் கூடாது. பிளக்கைப் பிடுங்கினா வேலை காலி. திரை எரிஞ்சுக்கிட்டிருந்தா வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டான்."

"எல்லாக் கம்ப்யூட்டருக்குமுங்களா சார்?"

"ஒண்ணு விடாம!"

சாதாரண செட்டிங்ஸில் இதற்கு இடமில்லை. மரகதம் ரெஜிஸ்ட்ரி என்கிற கம்ப்யூட்டரின் அடிவயிற்றுக்குள் இறங்கி, சொன்னதைச் சொன்னபடி செய்துவைத்தாள்.

மறுநாள் ஐந்தரைக்கே மேனேஜர் பட்டுச் சட்டையில் பளபளத்தார். மச்சினன் கல்யாண ரிசப்ஷன். கீழே காரில் மனைவி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். திரையைத் துழாவினார், பொத்தானைக் காணோம். பிளக்கிடம் போன கை, ஆபீஸே பார்ப்பதைக் கண்டு திரும்பி வந்தது.

"மரகதம்! என் பொத்தான் எங்கே?"

"வந்துருமுங்க சார். நீங்க கிளம்பினா எங்களுக்கு வரும். உங்களுக்கு மேலே இருக்கற முதலாளி கிளம்பினா உங்களுக்கு வரும். அவர் இருக்கற கோயமுத்தூர் ஆபீஸ்ல கேட்டனுங்க, இன்னைக்கு ராத்திரி பதினொண்ணு ஆகுமாம்."

ஹாரன் அலறியது.

"என்னோடதை மட்டும் எடுத்துத் தொலை!"

"ஒண்ணு விடாமப் போட்டதுங்க சார். எடுத்தாலும் ஒண்ணு விடாமத்தான் எடுக்கணும்."

அன்று ஆறு மணி பஸ்ஸில் நிற்க இடமில்லை.