அடி வாங்காத காத்தான்

பல படக்கதை வீரர்களை ஒரே வீடியோ கேமில் மோதவிடும் வேலையில் கோயம்புத்தூரில் நாங்கள் பதினெட்டுப் பேர் இருந்தோம். எல்லாப் பதிப்பகங்களும் தங்கள் வீரரைத் தரச் சம்மதித்தன. கருங்கல் காத்தான் என்ற வீரனின் பதிப்பாளர் தணிகாசலம் மட்டும் முறுக்கிக்கொண்டார்.

“என் காத்தான் எவன்கிட்டயும் தோக்கக் கூடாது. ஒரு அடிகூட வாங்கக் கூடாது. அப்பதான் கையெழுத்து.”

காத்தானுக்காகத்தான் கேமை வாங்குவார்கள்; அவன் இல்லாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். எங்களில் ஆட்டத்தை ஆடிப் பார்த்துத் தவறு கண்டுபிடிக்கும் பொற்கலைதான், “அப்படியே பண்ணிடலாங்க” என்றாள்.

மறுவாரம் தணிகாசலம் வந்து திரையைப் பார்த்தார். நாம் ஆட எடுத்துக்கொள்ளும் வீரர்களின் வரிசையில் காத்தான் இல்லை. சண்டை தொடங்கியதும் விசிலோடு நடுவில் வந்து நின்றான்.

“நடுவராப் போட்டிருக்கோங்க. இவர் மேல ஒரு அடி விழாதுங்க” என்றாள் பொற்கலை.

“இவன் எப்பம்மா அடிப்பான்?”

“அடிக்க இறங்குனா வாங்கவும் வேணுங்களே.”

தணிகாசலம் விசில் ஊதும் காத்தானை மறுபடி பார்த்தார். பிறகு, “சரி, சண்டையில இறக்கி விடு” என்று பேனாவைக் கேட்டார்.

பதினெட்டு வீட்டிலும் அடுப்பு எரிய வைத்தவள் அவள். இன்றும் அவளை நினைத்தால் கை கூப்பத் தோன்றுகிறது. கையெழுத்தாகி இரண்டு நாள் கழித்து இனிப்போடு நன்றி சொல்லப் போனோம். காத்தான் எத்தனை அடியில் விழுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தவள், எங்களைக் கொஞ்சம் இருக்கச் சொன்னாள்.