துண்டு போட்ட சிம்மாசனம்

காக்காய்க்கும் ராஜாவுக்கும் ஒரே மரத்தடியில் நிழல் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. ரொம்ப ரொம்பப் பழைய காலம். அந்தக் காலத்தில் ஏழுவாசல் பட்டணம் என்று ஓர் ஊர். ஊருக்கு நடுவே ஒரு பூங்கா.

பூங்கா என்றால் சும்மா நாலு பூச்செடி வைத்த இடம் இல்லை. உள்ளே ஊஞ்சல் உண்டு, அல்லிக்குளம் உண்டு, பாதி ஊரை நிழலில் வைக்கிற நாவல் மரம் உண்டு. கல்லில் செதுக்கிய யானை ஒன்றும் உண்டு. பிள்ளைகள் அதன் முதுகில் ஏறித் தும்பிக்கை வழியாகச் சறுக்கி இறங்குவார்கள். மூட்டை தூக்கும் சன்னாசி மத்தியானம் கண் அசருவது அங்கேதான். மருமகளோடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பும் பேச்சியம்மாள், கோபம் தணிகிற வரை கல்பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். படகில் ஏறினாலும் பந்திக்குப் போனாலும், ஓர் இடத்தில் துண்டைப் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருக்குச் சொந்தம். விளக்கு வைக்கிற நேரம் வரை யாரும் தொடமாட்டார்கள். ராஜாவே வந்தாலும் "ஓ, துண்டு போட்டிருக்கா" என்று தள்ளி நிற்பார். ஆனால் விளக்கு வைத்த பிறகும் ஆள் வராவிட்டால் துண்டுக்கு மதிப்பு இல்லை. இதை மறந்துவிடாதீர்கள். இந்தக் கதையே இதில்தான் இருக்கிறது.

ராஜாவின் பெயர் சிக்கனசேனன். அரண்மனைக்கு ஏழாவது மாடி எழுப்பியதில் கஜானா வற்றிவிட்டது. ஏழாவது மாடியில் யார் குடியிருந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், புறாக்கள்தான். கஜானா வற்றியதும் ராஜாவுக்குச் சிக்கனம் ஞாபகம் வந்தது. முதலில் பூங்காவுக்கு விளக்கு ஏற்றுகிறவர்களை வேண்டாம் என்றார். பிறகு தண்ணீர் இறைக்கிறவர்களை வேண்டாம் என்றார். கடைசியில் தோட்டக்காரன் மாசிலாமணியையும் வேண்டாம் என்றார்.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? "அரண்மனைக்காரங்க பார்த்துப்பாங்க" என்றார்கள். நெருஞ்சி முளைத்தது. "அரண்மனைக்காரங்க பார்த்துப்பாங்க." எருக்கு வளர்ந்தது. "அரண்மனைக்காரங்க பார்த்துப்பாங்க." பாதையெல்லாம் முள்ளானதும் பூங்காவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். சம்பளம் இல்லாமல் வந்துகொண்டிருந்தவன் மாசிலாமணி மட்டும்தான். ஒற்றை ஆளாக எவ்வளவு தண்ணீர் ஊற்ற முடியும்? ஊற்றினான்.

அந்த நேரம் பார்த்து அரண்மனைக்கு ஒரு மந்திரவாதி வந்தான். கையில் வேப்பங்கோல், தோளில் கோணிப்பை. அதனால் அவனைக் கோணிமுனி என்பார்கள்.

"மகாராஜா, உங்க பூங்காவை நான் பார்த்துக்கறேன். சம்பளம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம். பூங்காவுக்குள்ள யாருக்கும் வேண்டாதது எதுவோ, அது எனக்கு. அவ்வளவுதான்."

செலவில்லாத காரியம் என்றதும் ராஜாவுக்கு வாயெல்லாம் பல். "எடுத்துக்கோ" என்று கையில் அடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்தார்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் கோணிமுனி பூங்காவுக்குள் வந்தான். அன்றைக்கு ஊஞ்சலில் ஒருவரும் ஆடவில்லை. வேப்பங்கோலால் அதைத் தொட்டு, "யாருக்கும் வேண்டாதது எனக்கு வேணும்" என்றான். ஊஞ்சல் சுருங்கிச் சுருங்கிப் புளியங்கொட்டை ஆயிற்று. எடுத்துக் கோணியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாள் சேதி தெரிந்த ஊர்க்காரர்கள், "ஊஞ்சல்தானே, சங்கிலி எப்பவோ துருப்பிடிச்சது" என்றார்கள்.

அன்று சாயங்காலம் கோணிமுனி குளத்தங்கரைக்கு வந்தான். மாசிலாமணி தன் துண்டைக் கல்பெஞ்சில் போட்டுவிட்டு அல்லிக்குளத்தில் பாசி எடுத்துக்கொண்டிருந்தான். கோலைப் பார்த்ததும் கரையேறி முன்னால் வந்து நின்றான்.

"குளத்தைத் தொடாதே."

"நீ யாருப்பா?"

"தோட்டக்காரன்."

"உன்னைத்தான் ராஜா வேண்டாம்னு சொல்லிட்டாரே. அப்ப நீயும் எனக்குத்தான்" என்று சொல்லி, கோணிமுனி அவன் மார்பில் கோலை வைத்தான். "யாருக்கும் வேண்டாதது எனக்கு வேணும்." ஆள் புளியங்கொட்டை ஆனான். குளமும் புளியங்கொட்டை ஆயிற்று. இரண்டும் கோணிக்குள் போயின.

மாசிலாமணியின் மனைவி வடிவு, பூங்கா வாசலில் அவித்த கடலை விற்கிறவள். புருஷனைக் காணோமே என்று உள்ளே வந்தாள். குளம் இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. கல்பெஞ்சில் துண்டு மட்டும் கிடந்தது. அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அழாமல் என்ன செய்வாள், அவளுக்கு அவன் வேண்டுமே.

"அழுதது போதும் தாயி, நான் சொல்றதைக் கேளு" என்றது ஒரு குரல். பேசியது கல்யானை.

"நீ பேசுவியா?"

"இத்தனை வருஷமா என் முதுகுல ஏறினீங்க, இறங்கினீங்க. ஒருத்தராவது பேச்சுக் கொடுத்தீங்களா? சரி, அதை விடு. இந்தப் பெஞ்சையும் அவன் தொட்டுப் பார்த்தான். நகரலை. உன் புருஷன் துண்டு போட்டிருந்தான் பாரு, அதான். பூங்கா மொத்தமும் காலியானதும் அவன் கோணியோட வாயைத் தைச்சிடுவான். அப்புறம் உள்ளே போனது வெளியே வராது. அதுக்குள்ள ஏதாவது பண்ணு."

வடிவு கண்ணைத் துடைத்தாள். துண்டைத் தோளில் போட்டாள். விடிந்ததும் தெருத் தெருவாகப் போனாள். "ஆளுக்கொரு துண்டு கொண்டாந்து பூங்காவுல போடுங்க. என் வீட்டுக்காரரைக் காப்பாத்தணும்" என்றாள்.

துண்டு போடுவதென்றால் அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? திபுதிபுவென்று வந்தார்கள். சன்னாசி தன் தலைத்துண்டை நாவல் மரத்தடியில் போட்டான். பேச்சியம்மாள் சரிகைத் துண்டை ஒரு பெஞ்சில் விரித்தாள். ஒரு பெஞ்சு பாக்கி இல்லை. போட்டுவிட்டு எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"எங்க போறீங்க? இருங்க, உட்காருங்க" என்றாள் வடிவு.

"அதான் துண்டு போட்டாச்சே" என்றார்கள்.

பொழுது சாய்ந்தது. கோணிமுனி வந்து மரத்தைத் தொட்டான், நகரவில்லை. பெஞ்சைத் தொட்டான், நகரவில்லை. அவன் கோபப்படவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து காத்திருந்தான். துண்டு போட்ட ஒருவரும் திரும்பி வரவில்லை. ஊரில் விளக்கு வைத்தார்கள். அவன் எழுந்தான். மரத்தைத் தொட்டான், பெஞ்சுகளைத் தொட்டான், துண்டோடு சேர்த்து எல்லாம் புளியங்கொட்டை ஆயின.

கல்யானை மட்டும்தான் மிச்சம். அதன் முதுகில் வடிவு உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கும்மா. எத்தனை நாளைக்கு இப்படி உட்காருவே?"

"என் வீட்டுக்காரர் வர்ற வரைக்கும்" என்றாள் வடிவு. அவனால் யானையைத் தொட முடியவில்லை. நாளைக்குப் பார்க்கிறேன் என்று போய்விட்டான்.

காலையில் ஊரே வடிவின் மேல் பாய்ந்தது. பூங்கா போனதற்கு இல்லை. துண்டு போனதற்கு. "என் சரிகைத் துண்டு எங்கடி?" என்று பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். வடிவுக்கு வந்த கோபத்துக்கு யானை முதுகிலிருந்து குதித்து நாலு பேரை அறைந்திருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"துண்டு கோணிக்குள்ள இருக்கு. வேணும்னா, போட்ட இடத்துல வந்து உட்காருங்க. விளக்கு வெச்ச பிறகும் எழுந்திரிக்காதீங்க."

துண்டுக்காகத்தான் வந்தார்கள், வேறெதற்கும் இல்லை. ஆனால் போட்ட இடம் எது? மரமும் இல்லை, பெஞ்சும் இல்லை, எங்கே பார்த்தாலும் முள். அரிவாளும் மண்வெட்டியும் கொண்டுவந்து முள்ளை வெட்டினார்கள், எருக்கைப் பிடுங்கினார்கள், பாதையைத் தேடினார்கள். வெட்ட வெட்ட ஒவ்வொருவருக்கும் ஞாபகம் வந்தது. சன்னாசி வெறுந்தரையில் ஓரிடத்தைக் காட்டி, "என் தலை வைக்கிற வேர் இங்கதான் இருந்துச்சு" என்றான். பேச்சியம்மாள் வெறும் மண்ணில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. சரிகைத் துண்டுக்காக இல்லை.

பொழுது சாய்ந்தது. கோணிமுனி வந்தான்.

"இந்த வெறும் மண்ணு யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்" என்றான் சன்னாசி.

"அந்த மண்ணு?"

"எனக்கு வேணும்" என்றாள் பேச்சியம்மாள்.

"அந்தக் குளத்துப் பள்ளம்?"

"எங்களுக்கு வேணும்" என்றது ஊர்.

கோணி உதைத்தது, துள்ளியது, தையல் விட்டது. நாவல் மரம் வெளியே வந்து ஊன்றிக்கொண்டது. குளம் வந்து பள்ளத்தில் படுத்தது. ஊஞ்சல் வந்தது, பெஞ்சுகள் வந்தன, துண்டுகள் வந்தன. மாசிலாமணி மட்டும் வரவில்லை.

"பூங்காவை வேண்டாம்னு விட்டது ஊர். ஊர் கேட்டது, வந்துடுச்சு" என்றான் கோணிமுனி, கிழிந்த கோணியை இறுக்கிப் பிடித்தபடி. "தோட்டக்காரனை வேண்டாம்னு சொன்னது ராஜா. அவர் வாயாலதான் கேட்கணும்."

சத்தம் கேட்டு ராஜாவே வந்தார். அவர் எங்கே போனாலும் சிம்மாசனத்தை நாலு பேர் பின்னாலேயே தூக்கிக்கொண்டு வருவார்கள். நாவல் மரத்தடியில் இறக்கி வைத்தார்கள். ராஜா உட்காராமல், சுத்தமான பாதையைச் சுற்றிப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"அட, நீங்களே எவ்வளவு நல்லாப் பண்ணிட்டீங்க. இனிமே தினமும் நீங்களே பண்ணுங்க. தோட்டக்காரன் எதுக்கு?"

"மகாராஜா, இன்னைக்கு வந்தோம். நாளைக்கு இவர் மூட்டை தூக்கப் போவார், நான் கடலை விற்கப் போவேன். மரத்துக்கு நாளைக்கும் தண்ணி வேணுமே. அதுக்குன்னு ஓர் ஆள் வேண்டாமா?" என்றாள் வடிவு.

"கஜானாவுல இல்லையே அம்மா" என்று கையை விரித்தார் ராஜா.

வடிவு தோளில் கிடந்த புருஷன் துண்டை எடுத்தாள். நேரே போய்ச் சிம்மாசனத்தில் விரித்துப் போட்டாள்.

உட்காரப் போன ராஜா பாதியில் நின்றார். துண்டு போட்டிருக்கிறதே. எடுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. சேவகர்கள்கூடத் தொடவில்லை.

"யாரோட துண்டு இது?"

"தோட்டக்காரரோடது. அவர் வந்துதான் எடுக்கணும்."

சூரியன் இறங்கிக்கொண்டே இருந்தது. முதல் வீட்டில் திரி கிள்ளுகிற நேரம். கோணிமுனி மெல்ல நகர்ந்து சிம்மாசனத்தைச் சுற்றி வந்தான்.

"பூங்காவுக்குள்ள இருக்கு. ஒருத்தரும் உட்காரலை. விளக்கு வெச்சா துண்டும் செல்லாது" என்று கோலை நீட்டினான். "யாருக்கும் வேண்டாதது…"

"வேணும்" என்று அலறினார் ராஜா. "சிம்மாசனம் எனக்கு வேணும். அதுக்குத் தோட்டக்காரன் வரணும். தோட்டக்காரன் வேணும்."

"இன்னைக்கு மட்டுமா?" என்று கேட்டாள் வடிவு.

"என்னைக்கும் வேணும்."

கோணி இரண்டாகக் கிழிந்தது. மாசிலாமணி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து நின்றான். வடிவைப் பார்த்தான், மரத்தைப் பார்த்தான். "யாரு வடிவு இந்த மரத்தடியில இவ்வளவு ஆழமாக் கொத்தினது? வேர் தெரியுது பாரு" என்றான். வடிவு சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள். அவன் சிம்மாசனத்திலிருந்து துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அப்புறம்தான் ராஜா உட்கார்ந்தார்.

கோணிமுனி என்ன ஆனான் என்றா கேட்கிறீர்கள்? கல்யானைதான் முதலில் கேட்டது. "இந்த ஆள் இங்க யாருக்காவது வேணுமா?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் கோல் அவன் காலிலேயே விழுந்தது. ஒரு புளியங்கொட்டை உருண்டது. மாசிலாமணி அதைச் சருகோடு சேர்த்துக் கூட்டித் தள்ளினான். கோணியைத் தைத்து, சருகு அள்ள வைத்துக்கொண்டான்.

அரண்மனையின் ஏழாவது மாடி இடிக்கப்பட்டது. அந்தக் கல்லையும் மரத்தையும் விற்றுத் தண்ணீர் இறைக்கிறவர்களுக்கும் விளக்கு ஏற்றுகிறவர்களுக்கும் மாசிலாமணிக்கும் சம்பளம் வந்தது. புறாக்கள் நாவல் மரத்துக்குக் குடிவந்தன. ஊர்க்காரர்களும் துண்டு போட்டால் திரும்பி வந்து உட்காருகிறார்கள், உட்காரும்போது யானையிடம் நாலு வார்த்தை பேசுகிறார்கள்.

ராஜா மட்டும், அன்றிலிருந்து, எங்கே உட்காரப் போனாலும் முதலில் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கதை கேட்டவர்களே, நீங்களும் எழுந்திருங்கள். உங்கள் ஊர்ப் பூங்காவில் உங்கள் இடம் காலியாக இருக்கிறது, பொழுது சாய்வதற்குள் போய் உட்காருங்கள்.