நிமிர்ந்துகொண்ட உத்தரம்

கேளுங்கள். குனிந்தே பழகிப்போனவர்கள் இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து கேளுங்கள்.

மலைகள் இன்னும் யாருக்கும் சொந்தமாகாத காலத்தில் கோவரையன் என்றொரு அரசன் இருந்தான். அவன் அரண்மனை வாசல் ஆள் உயரத்துக்கு நாலு விரல் குறைவு. வருகிறவர் எல்லாரும் தலை குனிய வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினான். வாசல் தாண்டி வந்தவர் குறையை அன்றே தீர்ப்பேன் என்று சபையில் சத்தியமும் செய்திருந்தான்.

மலைக்காரர்களின் மேய்ச்சல் காட்டை அவன் பிடுங்கிக்கொண்டான். அவர்கள் தெய்வத்தைத் தவிர யாருக்கும் குனியாதவர்கள். அவர்கள் தலைவி மாதி மூன்று முறை வந்தாள், மூன்று முறையும் குனியாமல் வாசலோடு திரும்பினாள். கன்றுகள் பட்டினியில் செத்தன.

ஒருநாள் அரசன் மலைக்கு வந்தான். சரிவில் ஒரு தேவதாரு. மண்சரிவு தள்ளிச் சாய்த்தும் அது திரும்ப வளைந்து வானத்தைப் பார்த்து நின்றது. அந்தத் திமிர் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இதை வெட்டி என் வாசலுக்கு மேலே உத்தரமாகப் போடுங்கள். இதற்குக் கீழே நீ குனிந்து வந்தால் காடு உனக்கு" என்று ஆட்களிடமும் அங்கே நின்ற மாதியிடமும் சொன்னான்.

"வேணாம் ராசா," என்றாள் மாதி. "சாஞ்ச மரம் அடிப்பக்கமா கெட்டி மரம் வளத்து, முட்டுக் குடுத்துத்தான் நிமிருது. காஞ்சா அந்தப் பக்கம் நீளவாக்குல சுருங்கும், உத்தரம் வளைஞ்சு போகும். நேரா நிக்குற மரமாப் பாருங்க."

"வளைப்பது என் வேலை."

"மரத்தக் கொண்டு போங்க. என் தலை கெடைக்காது."

அறுத்தார்கள். மேல்பாதி வெளுப்பு, வளையங்கள் மெல்லியவை. கீழ்ப்பாதி செக்கச்சிவப்பு, வளையங்கள் அகலம், இழைகள் தடித்தவை. வளையங்களின் நடுப்புள்ளியே மேல்பக்கம் ஒதுங்கியிருந்தது. சிவப்பின் அழகில் மயங்கிய அரசன், அந்தப் பக்கம் கீழே தெரியும்படி காயாத பச்சை மரத்தையே ஏற்றச் சொன்னான்.

கோடை வந்தது. சிவப்புப் பக்கம் சுருங்கியது, உத்தரம் நடுவில் முதுகைத் தூக்கியது. கல்லை ஏற்றினார்கள், கல் சரிந்தது. இரும்புப் பட்டை அடித்தார்கள், ஆணி பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் ஊற்றினார்கள், அடங்கியது. வெயில் ஏறியதும் முன்னைவிட உயர்ந்தது.

அன்றுதான் மாதி வந்தாள். நிமிர்ந்த தலையோடு நடந்தாள். கொண்டை கூட உரசவில்லை.

"குனி" என்றான் அரசன்.

"வாசலே கேக்கல ராசா, நீங்க எதுக்குக் கேக்குறீங்க? நான் தாண்டி வந்துட்டேன். காட்டக் குடுங்க."

சபை முழுதும் அவன் வாயைப் பார்த்தது. செய்த சத்தியத்தை மீற வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காட்டைக் கொடுத்தான். மாதி வந்தபடியே நிமிர்ந்து வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் காவல்காரர்களும் நிமிர்ந்தே நடந்து பார்த்தார்கள்.

தள்ளிச் சாய்க்கப்பட்டவர்கள் சாய்ந்த பக்கத்திலேயே பலம் சேர்த்துக்கொள்வார்கள், அவர்களைக் குனிய வைக்க எந்த வாசலாலும் முடியாது.