அவையில் தனித்திருந்தவர்

முன்னொரு காலத்தில், இன்று பேர்கூட யாருக்கும் நினைவில்லாத ஒரு நாட்டை மாறவேள் என்ற மன்னன் ஆண்டான். ஒருநாள் அவை கூடியிருந்தபோது அவனுக்கு ஓர் ஐயம் வந்தது.

"தனிமையால் அதிகம் வாடுபவர் யார்? ஏழையா, செல்வரா?"

தலைமை அமைச்சர் அரிகண்டர் எழுந்தார். "ஏழைதான், வேந்தே. செல்வரைச் சுற்றி எப்போதும் கூட்டம்."

"கூட்டம் வேறு, துணை வேறு, அமைச்சரே" என்றான் விகடகவி குழகன். மன்னன் சிரித்தான்.

குழகன் பேச்சுக்கு மன்னன் இப்படிச் சிரிப்பது அரிகண்டருக்கு நெடுநாளாகவே ஆகாது. "அப்படியானால் நாட்டிலேயே தனித்திருப்பவரை நாளை இவன் கொண்டுவரட்டும். அவைக்கு வந்த பின்னும் அவர் தனியாகவே இருக்க வேண்டும். இல்லையேல் இவன் நாடு விட்டுப் போகட்டும்!"

மன்னனும் விளையாட்டாக ஒப்புக்கொண்டுவிட்டான். குழகன் யோசித்துக்கொண்டே கிளம்பினான். இத்தனை பேர் கூடும் அவையில் எவர் தனியாக இருக்க முடியும்?

கடைவீதியில் உப்பு மூட்டை சுமக்கும் சேந்தனைப் பார்த்தான். "சத்திரத்துல ஆளோட ஆளாத்தான் படுக்குறேன் சாமி. ஆனா உடம்புக்கு என்னன்னு கேக்க நாதியில்ல" என்றான் அவன்.

மாளிகையில் முத்து வணிகரின் விதவை உமையாளைப் பார்த்தான். கண் மங்கிப்போனவள். "வீடு நெறைய வேலைக்காரங்க. எது சொன்னாலும் 'சரிங்கம்மா'ம்பாங்க. அதோட பேச்சு முடிஞ்சுது" என்றாள்.

மறுநாள் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றினான். பாதி வழியில் கிழக்குக் காற்று வீசியது. "எங்க புன்னைத்துறையில இந்நேரம் வலை இழுப்பாங்க" என்று சேந்தன் தனக்குள் முணுமுணுத்தான்.

உமையாள் நிமிர்ந்தாள். "புன்னைத்துறையா? நான் பொறந்த ஊருப்பா! கரையில சாஞ்ச மரம் ஒண்ணு நிக்குமே, இருக்கா?"

"புயல்ல விழுந்துருச்சும்மா. விழுந்த மேனிக்கே பூக்குது."

அவைக்கு வந்தபோது மன்னனை வணங்கவும் மறந்து இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். "இவர்களா தனித்திருப்பவர்கள்? தோற்றான் குழகன்!" என்று குதித்தார் அரிகண்டர்.

"வண்டியில் ஏறும்போது இருந்த தனிமை வழியிலேயே சிந்திவிட்டது, அமைச்சரே. ஆனால் இன்னும் ஒருவர் இருக்கிறார். அவரைக் காட்ட, அவையோர் அனைவரும் சற்று வெளியேற வேண்டும்."

மன்னன் கையசைக்க, எல்லாரும் வெளியேறினர். குழகன் கதவைச் சாத்திவிட்டு வெளியிலிருந்து குரல் கொடுத்தான்: "வேந்தே! ஆணைப்படி அவையில் ஒருவர் தன்னந்தனியாக இருக்கிறார். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்!"

மன்னன் சுற்றிலும் பார்த்தான். வெற்று இருக்கைகள். வெளியே சேந்தனும் உமையாளும் சிரிக்கும் ஒலி கேட்டது. குளித்துறை மருத மரத்திலிருந்து தோழர்களோடு ஆற்றில் குதித்த காலம் அவன் நினைவுக்கு வந்தது. முடி சூடிய பின் அந்தத் தோழர்கள் எட்ட நின்று வணங்கினார்களே தவிர, ஒருவனும் நீந்தக் கூப்பிட்டதில்லை.

முடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து, அவைப் படிக்கட்டில் சேந்தன், உமையாள் அருகே அமர்ந்தான்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு தம்பி, காத்து வரட்டும்" என்றாள் உமையாள்.

மன்னன் அடக்கமாகத் தள்ளி உட்கார்ந்தான். பிறகு சிரித்தான், கண்ணில் நீர் வழியும்வரை சிரித்தான். தன் முத்துமாலையைக் குழகன் கழுத்தில் போட்டு, பகலுணவைப் படிக்கட்டுக்கே கொண்டுவரச் சொன்னான்.

முகம் கறுத்த அரிகண்டர் வெறும் அவைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். குழம்பு மணக்கத் தொடங்கியதும் கதவு மெல்லத் திறந்தது.

"ஓரமாக எனக்கும் ஓர் இலை போடுங்கள்" என்றார்.