பாறையின் கடைசி வரி

கருங்காலிக் காட்டில் ஆமையார்தான் தலைமை நீதிபதி. யானையும் முள்ளம்பன்றியும் அவரோடு அமர்ந்து வழக்குக் கேட்கும். அவர்கள் அமரும் பாறையைச் சுற்றிலும் காட்டின் மூலச் சட்டம் செதுக்கப்பட்டிருந்தது. கீழே பஞ்சாயத்தில் தோற்றவர்கள் மேல்முறையீட்டுக்கு அங்கேதான் வருவார்கள். புலிராஜாவின் உத்தரவே ஆனாலும், பாறைச் சட்டத்துக்கு முரணாக இருந்தால் அதை ரத்து செய்யும் அதிகாரம் அந்த மன்றத்துக்கு உண்டு.

ஒரு கோடையில் செம்பி என்ற மான் மூச்சிரைக்க வந்து நின்றது. அதன் குட்டி பின்னால் தள்ளாடி வந்தது.

"ஐயா! மான்கள் மடுவுல வாய் வைக்கக் கூடாதுன்னு ராஜா உத்தரவு போட்டுட்டார். பஞ்சாயத்தும் அது சரின்னு சொல்லிடுச்சு. வேற தண்ணியே இல்லீங்க. நான் குடிச்சாத்தானே குட்டிக்குப் பால் சுரக்கும்!"

ஆமையாருக்கு மனம் இளகியது. உத்தரவு தவறு என்று கேட்டவுடனே தெரிந்துவிட்டது. ஆனால் மன்றத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. தீர்ப்புக்கு முன் தலைமை நீதிபதி பாறையைச் சுற்றி வந்து சட்டத்தை வரி விடாமல் படிக்க வேண்டும். நடுவில் யாராவது குறுக்கிட்டால் திரும்ப முதல் வரிக்கு வர வேண்டும். ஒருவர் இரண்டு முறைதான் குறுக்கிடலாம். ஆமை நடைக்கு ஒரு சுற்றே ஒரு பகல் ஆகும்!

யானை குனிந்து மெல்லச் சொன்னது. "சுத்தி முடிக்கிறவரைக்கும் உத்தரவை நிறுத்தி வெச்சிடலாமே ஐயா! கடைசி வரி அதுக்குத்தானே இருக்கு?"

கடைசி வரி ஆமையாருக்கு மனப்பாடம். 'உயிருக்கு ஆபத்து என்றால், படித்து முடிக்கும் முன்பே தடை விதிக்கலாம்.'

"படிக்காம தடை போட்டா அவசரக்குடுக்கைன்னு பேர் வரும்! காலத்துக்கும் நிக்கிற தீர்ப்பா சொல்லணும்!" என்று சொல்லிவிட்டு ஆமையார் நடக்கத் தொடங்கினார்.

ராஜாவின் வக்கீலான நரி இதற்குத்தான் காத்திருந்தது. ஆமையார் முக்கால் பாறை தாண்டியதும், "ஆட்சேபணை! மானோட நிழல் பாறை மேல விழுது!" என்றது. மறுநாளும், "ஆட்சேபணை! நீதிபதி நடுவுல இருமிட்டார்!" என்றது.

ஆமையாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் வழக்கம் வழக்கம்தானே! இரண்டு முறையும் முதல் வரிக்குத் திரும்பினார்.

நின்றிருந்த குட்டி முதல் நாளே படுத்துவிட்டது. இரண்டாம் நாள் அது தலை தூக்கவில்லை. ஆமையார் அந்தப் பக்கம் பார்க்காமல் பாறையோடு முகத்தை வைத்துக்கொண்டு படித்தார்.

மூன்றாம் நாள் மாலை சுற்று முடிந்தது.

"தண்ணீர் எல்லா உயிருக்கும் பொது. ராஜாவின் உத்தரவு செல்லாது!"

காடே ஆரவாரம் செய்தது. புலிராஜாகூடத் தலை வணங்கி மடுவை விட்டு விலகினார். அந்தத் தீர்ப்பில் ஒரு சொல்லைக்கூடக் குறை சொல்ல முடியாது. செம்பி மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

"போம்மா, குட்டியைக் கூட்டிட்டுப் போய்த் தண்ணி குடி!" என்றார் ஆமையார், பூரிப்போடு.

"தீர்ப்பு ரொம்ப நல்லா இருக்குங்க ஐயா. குட்டி மத்தியானமே போயிடுச்சுங்க. நீங்க படிச்சிட்டு இருந்தீங்க. நான் அழுதா மறுபடி முதல் வரிக்குப் போகணுமேன்னு வாயைத் திறக்கல."

ஆமையார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். மறுநாள் முதல் எந்த வழக்கானாலும் கடைசி வரியைத்தான் அவர் முதலில் படித்தார். அதைக் கேட்கச் செம்பி ஒருநாளும் வரவில்லை.

உயிரைக் காக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரிய வேளையில் அதைப் பயன்படுத்தாதவர், எவ்வளவு சரியான தீர்ப்பைச் சொன்னாலும் நீதி செய்தவர் ஆகமாட்டார்.